மழலையர் மூச்சைக் காத்த மருத்துவர் டோமாக்

குழந்தை இல்லாத வீடு எத்துணைச் செல்வம் நிறைந்திருப்பினும் வறிய வீடே என்பது நம்மவர் கொள்கை. அச்செல்வத்தைப் பெறுவது ஒரு பேறு. பெற்றதைக் காப்பது அதனினும் பெரிய பேறு. பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, இம்மகாராட்டிர மண்ணில் காலனி வாழ்க்கை நடத்தும் நம் குடும்பங்களுக்கு இவ்வுண்மை இன்னும் அழுத்தமாகத் தெரியும். நள்ளிரவில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, மூச்சை இழுக்குந்தோறும் விலாவின் கீழ்ப்புறம் உள்ளே குழிகிறது. கைப்பக்குவம் சொல்லப் பாட்டியும் இல்லை. துணைக்கு அத்தையும் இல்லை. இளந்தாய் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எப்போது விடியும் என்று கூடத்தில் நடக்கிறாள். இத்தகைய இரவைக் காணாத வீட்டு வரிசை நம் காலனிகளில் இருத்தல் அரிது.

அந்தத் தாய்க்கு இன்று ஒரு நம்பிக்கை உண்டு. மருத்துவரிடம் சென்றால் மருந்து கிடைக்கும், குழந்தை பிழைக்கும் என்பதே அது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நம்பிக்கை அரண்மனையில் வாழ்ந்த தாய்க்கும் இல்லை. உடலுக்குள் புகுந்த நுண்கிருமியை உடலுக்குள்ளேயே அடக்கவல்ல மருந்தை உலகிற்கு முதலில் அளித்தவர்களுள் தலையாயவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் கெர்ஹார்ட் டோமாக். நோபல் பரிசுப் பட்டியலில் இடம்பெற்ற பெயராயினும், நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத பெயர் அது. அப்பெருமகனாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருங்கச் சொல்ல விழைகின்றோம்.

டோமாக் 1895ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் லாகோவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியைச் சார்ந்திருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் பள்ளி ஆசிரியர். பெருஞ்செல்வம் இல்லாத, ஆயினும் கல்வியை மதித்த குடும்பம். மருத்துவம் பயில விரும்பிக் கீல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது 1914ஆம் ஆண்டு. படிப்பு தொடங்கியதுமே முதல் உலகப்போர் மூண்டது. பத்தொன்பது வயதுகூட நிரம்பாத அம்மாணவர் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே காயமுற்றார். அதன்பின் துப்பாக்கி ஏந்தும் பணி நீங்கி, கிழக்குப் போர்முனையின் மருத்துவக் கூடாரங்களில் நோயாளருக்குத் தொண்டு செய்யும் பணி அவருக்கு வாய்த்தது.

அக்கூடாரங்களே அவருக்கு உண்மையான கல்லூரியாயின. அறுவை மருத்துவர் குண்டை எடுத்துவிடுவார், எலும்பைச் சேர்த்துவிடுவார், வேண்டுமாயின் கையையோ காலையோ வெட்டியும் உயிரைக் காப்பார். ஆனால் சில நாட்களில் புண்ணில் கிருமி புகுந்து, சதை அழுகி, காய்ச்சல் கண்டு, பிழைத்தான் என்று எண்ணிய வீரன் இறந்துபோவான். காலரா கண்டவர்களின் நிலையோ சொல்லுந்தரமன்று. தோட்டாவினும் கொடிய பகை கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமியே என்பதையும், அதன் எதிரில் மருத்துவர் வெறுங்கையராய் நிற்பதையும் அவ்விளைஞர் நாள்தோறும் கண்டார். அதனை வெல்ல வழி காண்பதே தம் வாழ்வின் பணி என்னும் எண்ணம் அங்கேதான் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

போர் முடிந்ததும் கீல் நகருக்குத் திரும்பி, வறுமைக்கும் பஞ்சத்திற்கும் இடையே படிப்பை முடித்து, 1921இல் மருத்துவரானார். பின்னர் கிரைஃப்ஸ்வால்டு, மூன்ஸ்டர் பல்கலைக்கழகங்களில் நோய்க்குறியியல் ஆய்வு நடத்தினார். 1925இல் கெர்ட்ரூட் என்னும் மங்கையை மணந்தார். மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். 1927இல், பேயர் நிறுவனத்தையும் தன்னுள் சேர்த்துக்கொண்டிருந்த ஐ.ஜி. ஃபார்பன் என்னும் பெருந்தொழில் நிறுவனம் எல்பர்ஃபெல்டு நகரில் அவருக்கு ஓர் ஆராய்ச்சிசாலையை அமைத்துக் கொடுத்தது.

அந்நாளில் நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சிக்கு இருந்த மருத்துவம் யாது என்பதை இங்கு அறிதல் வேண்டும். நுரையீரலின் உள்ளே காற்று நிறையும் சிறு பைகள் கோடிக்கணக்கில் உள்ளன. கிருமி புகுந்தால் அப்பைகளில் நீரும் சீழும் தேங்குகின்றன. காற்றுக்கு இடமில்லாமற் போகிறது. பெரியவர்க்கு நுரையீரலில் ஒரு பகுதி கெட்டாலும் மறுபகுதி தாங்கும். மூச்சுத் தசைக்கும் வலிமை உண்டு. கைக்குழந்தையின் மூச்சுக்குழாயோ மிகச் சிறியது. சிறிது சளியே அதனை அடைத்துவிடும். இழந்த காற்றை ஈடுகட்டக் குழந்தை வேகவேகமாக மூச்சு விடும். விட்டு விட்டுக் களைத்துப் பால் குடிப்பதை நிறுத்தும். அதன்பின் அடங்கிவிடும். இதற்கு மருத்துவர் செய்யக்கூடியவை ஒத்தடமும் நல்ல பணிவிடையுமே. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஒன்று இருந்தது. ஆனால் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியில் வகைகள் பல. ஒரு வகைக்குரிய சீரம் மற்றொரு வகைக்கு உதவாது. எந்த வகை என்று தேர்ந்து அறிவதற்குள் குழந்தையின் காலம் முடிந்துவிடுவதும் உண்டு.

நிற்க. எல்பர்ஃபெல்டில் வேதியியல் அறிஞர்களான மீட்ச், கிளாரர் ஆகிய இருவரும் புதிய புதிய சாயப் பொருள்களைச் செய்து தருவர். டோமாக் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பார். சாயம் துணியை மட்டுமின்றிக் கிருமியையும் பற்றுகிறது என்பது முன்னரே அறிந்த செய்தி. பற்றும் சாயம் கொல்லவும் கூடுமோ என்பதே கேள்வி. ஆண்டுகள் ஐந்து சென்றன. சோதித்த பொருள்கள் நூற்றுக்கணக்கில் தோற்றன. மனம் தளராமல் டோமாக் தொடர்ந்தார்.

அவர் கைக்கொண்ட முறையில் ஒரு நுட்பம் உண்டு. மற்றையோர் பெரும்பாலும் கண்ணாடிக் குழாயில் கிருமியை வளர்த்து, அதில் மருந்தை இட்டுப் பார்ப்பர். குழாயில் பயன் தராததைத் தள்ளிவிடுவர். டோமாக்கோ கிருமி புகுந்த உயிருள்ள எலிக்கே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோயும் குணமும் உடலில் நிகழ்வன. ஆதலின் சோதனையும் உடலில்தான் நிகழவேண்டும் என்பது அவர் துணிபு. 1932ஆம் ஆண்டு டிசம்பரில் அத்துணிபு பலித்தது. ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் சங்கிலி வடிவக் கிருமி 26 எலிகளுக்கு ஏற்றப்பட்டது. ஒரு செந்நிறச் சாயம் 12 எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மருந்து பெறாத 14 எலிகளும் மடிந்தன. மருந்து பெற்ற 12 எலிகளும் உயிரோடு இருந்தன. அச்சாயமே பிராண்டோசில் என்று பின்னர்ப் பெயர் பெற்றது. விந்தை யாதெனில், அதே சாயம் கண்ணாடிக் குழாயில் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. வழக்கமான முறையை டோமாக் பின்பற்றியிருப்பாராயின், உலகைக் காக்கவந்த மருந்து கழிவுத் தொட்டியில் போயிருக்கும்.

இம்மருந்து மனிதர்க்குக் கொடுக்கப்பட்ட தொடக்க நாட்களிலேயே பயன்பெற்றவருள் ஒரு கைக்குழந்தையும் இருந்தது என்பது நம் உள்ளத்தை உருக்கும் செய்தி. 1933இல் டியூசல்டார்ஃப் நகரில், இரத்தத்தில் கிருமி பரவிச் சாகுந்தறுவாயில் கிடந்த பத்து மாத ஆண்குழந்தைக்கு மருத்துவர் ஒருவர் அச்செந்நிற மருந்தைக் கொடுத்தார். காய்ச்சல் தணிந்து குழந்தை பிழைத்தது.

ஆராய்ச்சியின் முழு விவரத்தை டோமாக் 1935 பிப்ரவரியில்தான் வெளியிட்டார். அறிஞர் பலர் ஐயுற்றனர். அவ்வாண்டின் இறுதியில் ஊழ் அவருடைய வீட்டுக் கதவையே தட்டியது. ஆறு வயது மகள் ஹில்டெகார்ட் கையில் ஊசியோடு படிக்கட்டில் தவறி விழுந்தாள். ஊசி கைக்குள் ஏறி ஒடிந்தது. ஒடிந்த துண்டை எடுத்த பின்னரும் புண் சீழ்கொண்டது. கிருமி கைமுழுதும் பரவியது. அறுவை மருத்துவர்கள் பன்முறை கீறிப் பார்த்தும் பயனில்லை. உயிரைக் காக்கக் கையை வெட்டவேண்டியிருக்கும் என்றனர். அதன்பின்னும் உயிர் நிலைக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தைத் தம் குழந்தைக்குக் கொடுப்பதா என்னும் கேள்வி தந்தையின் முன் நின்றது. ஆராய்ச்சியாளர் ஒருபுறம், தந்தை ஒருபுறம். இருவரும் ஒருவரே. அவர் துணிந்து கொடுத்தார். மகள் பிழைத்தாள், கையும் பிழைத்தது. போர்க்கூடாரத்தில் வெறுங்கையராய் நின்ற இளைஞர், இருபது ஆண்டுகளுக்குப் பின் தம் மகளின் கட்டிலருகே வெறுங்கையராய் நிற்கவில்லை.

அதே ஆண்டில் பாரிசு நகரப் பாஸ்டர் நிலையத்து அறிஞர்கள் மற்றோர் உண்மையைக் கண்டனர். செந்நிறச் சாயம் உடலுக்குள் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த பகுதிகளுள் நிறமற்ற ஒன்றே கிருமியை அடக்குகிறது. கண்ணாடிக் குழாயில் அது வேலை செய்யாமைக்குக் காரணமும் இதனால் விளங்கிற்று. சல்பனிலமைடு என்னும் அந்நிறமற்ற பொருள் 1908இலேயே வேறொருவரால் செய்யப்பட்டது; அதற்கு எந்த நிறுவனமும் தனியுரிமை கொண்டாட இயலாது. ஆகவே அது மலிவான மருந்தாக உலகெங்கும் பரவியது. 1936இல் இலண்டன் மருத்துவர் கோல்புரூக், பிரசவக் காய்ச்சலால் மடிந்துவந்த தாய்மாரை இம்மருந்துகளால் காத்துக் காட்டினார்.

நன்மை பரவும் இடத்தில் பேராசையும் பின்தொடரும். 1937இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்பனிலமைடைக் குழந்தைகளும் விரும்பிக் குடிக்கும் இனிப்புநீராகச் செய்தது. மருந்தைக் கரைக்க அது பயன்படுத்திய டைஎத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. விற்குமுன் எவரும் சோதிக்கவில்லை. குழந்தைகள் பலர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாகவே அந்நாட்டில் 1938இல் மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனால் அதே நஞ்சு கலந்த இருமல் மருந்தால் 2022இல் காம்பியா நாட்டிலும், 2025இல் நம் மத்தியப் பிரதேசத்திலும் குழந்தைகள் மடிந்தனர் என்பதை எண்ணும்போது, பாடம் இன்னும் முழுதாகக் கற்கப்படவில்லை என்றே சொல்லவேண்டும்.

நிமோனியாவுக்கு விடிவு வந்தது 1938இல். டோமாக் திறந்த வழியில் சென்ற இங்கிலாந்தின் மே அண்டு பேக்கர் நிறுவனத்தார் சல்பாபைரிடின் என்னும் மருந்தைச் செய்தனர். எம் அண்டு பி 693 என்று அது பெயர் பெற்றது. பர்மிங்காம் மருத்துவமனையில் எவான்சு, கெய்ஸ்ஃபோர்டு என்னும் இரு மருத்துவர்கள் இருநூறு நிமோனியா நோயாளரைக் கொண்டு சோதித்தனர். பழைய முறையில் பேணப்பட்ட நூற்றுவரில் 27 பேர் இறந்தனர். புதிய மருந்து பெற்ற நூற்றுவரில் இறந்தவர் 8 பேரே. இவ்விருவருள் கெய்ஸ்ஃபோர்டு பின்னாளில் மான்செஸ்டரில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். மழலையர் நோய்க்கூடங்களிலும் இவ்வகை மருந்துகள் இடம்பெற்றன.

இம்மருந்து வேலை செய்யும் வகையும் 1940 முதல் படிப்படியாகத் தெளிவாயிற்று. கிருமி பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதனை ஒரு மூலப்பொருளிலிருந்து கிருமி தானே செய்துகொள்ளும். சல்பா மருந்து அம்மூலப்பொருளைப் போலவே உருவம் கொண்டது. போலி நாணயத்தை நல்ல நாணயம் என்று வாங்கி ஏமாறும் வணிகனைப் போலக் கிருமி இதனை ஏற்று, பெருக வழியின்றி நிற்கும். எஞ்சியதை உடலின் காவற்படை அழித்துவிடும். மனிதர் ஃபோலிக் அமிலத்தை உணவிலிருந்து பெறுவதால் இவ்வழியில் அவருக்குக் கேடில்லை.

1939 அக்டோபரில் டோமாக்கிற்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆனால் ஹிட்லர் ஆட்சி ஜெர்மானியர் எவரும் அப்பரிசை ஏற்கலாகாது என்று தடை விதித்திருந்தது. பரிசுக்கு நன்றி தெரிவித்ததே குற்றமாயிற்று. கெஸ்டபோ என்னும் இரகசியப் போலீசார் அவரைப் பிடித்துச் சென்று ஒரு வாரம் சிறையில் வைத்தனர். பரிசை மறுக்கும் கடிதத்தில் கையொப்பமிடச் செய்தனர். உயிர் காத்த மனிதருக்கு அவருடைய நாடு செய்த மரியாதை அது! போர் முடிந்த பின் 1947இல் ஸ்டாக்ஹோம் சென்று தங்கப் பதக்கத்தையும் பட்டயத்தையும் பெற்றார். பரிசுத் தொகை மட்டும் காலம் கடந்துவிட்டமையால் கிடைக்கவில்லை. இதற்கிடையில், 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் வட ஆப்பிரிக்காவில் நிமோனியாவால் படுத்தபோது, அவருக்குக் கொடுக்கப்பட்டது சல்பா இன மருந்தே. பகைநாட்டு அறிஞர் தொடங்கிவைத்த மருந்து பகைநாட்டுத் தலைவரையும் காத்தது. மருந்துக்கு நாட்டெல்லை இல்லை.

பிற்காலத்தில் டோமாக் நுரையீரலின் மற்றொரு பகையாகிய காசநோயின்மேல் கவனம் செலுத்தினார். ஐசோனியசிட் என்னும் சிறந்த மருந்தின் ஆற்றலை 1950களின் தொடக்கத்தில் ஒரே காலத்தில் கண்டறிந்த மூன்று குழுக்களுள் அவருடைய குழுவும் ஒன்று. இம்மருந்து நம் சென்னையோடும் தொடர்புடையது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, இதனையும் வேறொரு மருந்தையும் வீட்டிலிருந்தே உட்கொள்ளும் ஏழை நோயாளரும், மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் போலவே குணமடைவர் என்று 1959இல் உலகிற்குக் காட்டியது. காசநோயாளர் இருக்கும் வீட்டில் கைக்குழந்தைக்கு அந்நோய் பற்றாதிருக்கப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வருவதும் ஐசோனியசிட்டே. டோமாக் 1964 ஏப்ரல் 24ஆம் நாள் தமது அறுபத்தெட்டாம் வயதில் காலமானார்.

அன்னார் மறைந்தபின்னும் அவர் நட்ட மரம் காய்த்தது. நாம் வாழும் இம்மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டமே அதற்குச் சான்று. 1980களின் இறுதியில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் அங்குள்ள சிற்றூர்களில், கிராமத் தொண்டர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் குழந்தையின் மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தனர். எழுத்தறியாதவரும் எண்ணுவதற்கு மணிகளும் மணற்கடிகையும் கொண்ட எளிய கருவியொன்றும் அமைத்தனர். நிமோனியா என்று கண்டால் சல்பா இனமும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த கோட்ரைமாக்சசோல் மருந்து கொடுக்கப்பட்டது. இவ்வாறு பேணப்பட்ட குழந்தைகளில் இறந்தோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. இம்முறை இல்லாத ஊர்களிலோ நிமோனியா கண்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதின்மூவருக்கு மேல் இறந்தனர். 1990இல் இம்முடிவு வெளியானபோது உலகம் வியந்தது.

இன்று சல்பா மருந்து பின்வரிசைக்குச் சென்றுவிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஒருவகைச் சல்பா கொடுப்பதால் மஞ்சட்காமாலை மூளையைத் தாக்கும் என்பது 1956இல் தெரியவந்தது. கிருமிகளும் சல்பாவை எதிர்த்து நிற்கக் கற்றுவிட்டன. ஆதலின் இக்காலத்தில் குழந்தைகளின் நிமோனியாவுக்கு முதலில் கொடுக்கப்படுவது அமாக்சிசிலின். நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக நம் நாட்டில் இலவசமாக வழங்கப்பட்டு, 2021இல் நாடு முழுதும் பரவியது. இத்தனையிருந்தும் 2019இல் மட்டும் உலகில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 7 இலட்சத்து 40 ஆயிரம் பேர் நிமோனியாவால் இறந்தனர். மருந்து இல்லாமையால் மட்டுமன்று. பலருக்கு மருந்து உரிய வேளையில் சென்று சேராமையாலும் ஆகும்.

ஆகவே டோமாக்கின் வாழ்விலிருந்து நம் காலனித் தாய்மார் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. இருமலும் காய்ச்சலும் கண்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது அதன் மார்பை வெளிச்சத்தில் பார்த்து, கடிகாரம் கொண்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயது நிரம்பாததற்கு 50, ஐந்து வயது நிரம்பாததற்கு 40. இவ்வெண்ணிக்கையோ அதற்கு மேலோ இருப்பின் மருத்துவரிடம் செல்லுங்கள். விலாவின் கீழ் குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், வலிப்புக் கண்டாலும், எழுப்பியும் கண் விழிக்காமல் சோர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்கே செல்லுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தையாயின் சிறு ஐயம் எழுந்தாலும் காத்திராதீர்கள். மருத்துவர் சொல்லாமல் இருமல் மருந்து வாங்கிக் கொடாதீர்கள். சூடு போடுதல் கொடுமை. அதனை அறவே விடுங்கள்.

மருந்து தொடங்கியபின் இரண்டு மூன்று நாட்களில் மூச்சு நிதானப்படும்; காய்ச்சல் தணியும்; குழந்தை மீண்டும் மார்பை நாடும். அவ்வாறு தேறாவிடில் மறுபடியும் காட்டவேண்டும். தேறிவிட்டதே என்று மருந்தை இடையில் நிறுத்தலாகாது. குறித்த நாள் வரை கொடுத்து முடிக்கவேண்டும். தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கவேண்டும். இருமல் மட்டும் மேலும் சில வாரம் நின்று போவதுண்டு, அதற்கு அஞ்சவேண்டா. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் குழந்தை உறங்கும் அறைக்குள் புகாதிருக்கட்டும். தடுப்பூசி அட்டையை ஊருக்குச் செல்லும்போதும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

தம் மகளின் கட்டிலருகே நின்ற அத்தந்தை விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. நாமும் காத்திரோம். பாட்டி இல்லாத வீட்டிற்கு அண்டை வீட்டாரே பாட்டி. அத்தை இல்லாத வீட்டிற்குச் சங்கத்தாரே அத்தை. நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்கினால், இந்தி அறிந்தவர் ஒருவரும் மராத்தி அறிந்தவர் ஒருவரும் அத்தாயோடு மருத்துவமனைக்குச் செல்வர் என்று நாம் உறுதி கொள்வோமாக. அதுவே டோமாக் பெருமகனார்க்கு நம் தமிழ்ச் சங்கம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன்.